கைச்சிப் பள்ளியும் கடைசி வரிசைப் பிள்ளைகளும்

மலைகள் சூழ்ந்த நடு ஜப்பானில் நாகானோ என்னும் மாநிலம் உள்ளது. அம்மலைகளுக்கு இடையே அமைந்த சமவெளி ஒன்றில் மட்சுமோட்டோ என்னும் பழைய கோட்டை நகரம் விளங்குகிறது. கருநிறம் கொண்ட அதன் கோட்டை உலகப் புகழ் பெற்றது. கோட்டைக்கு வடக்கே சிறிது தொலைவில், வெண்சுவரும் எண்கோணக் கோபுரமும் உடைய இரண்டடுக்கு மரக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதனைப் புதிதாகக் காண்போர் அரசு மாளிகையோ செல்வர் இல்லமோ என்று ஐயுறுவர். அது ஊர்ப் பிள்ளைகள் எழுத்தறிந்த ஒரு தொடக்கப்பள்ளி. 1876ஆம் ஆண்டில் எழுந்த அக்கட்டடத்தை ஜப்பானிய அரசு 2019ஆம் ஆண்டில் தேசியச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது. புதுக்காலப் பள்ளிக் கட்டடம் ஒன்று அவ்வுயர்நிலையை எய்தியது அதுவே முதன்முறை.

கைச்சிப் பள்ளி என்பது அதன் பெயர். அதன் கட்டட அழகைப் பற்றிக் கலை ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் ஆசிரியர்க்கு அப்பள்ளியின் வரலாற்றில் வேறொரு செய்தி இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்று முழங்கிய நாட்டில், படிப்பில் தோற்ற பிள்ளையும், வறுமையால் பள்ளிக்கு வர இயலாத பிள்ளையும் என்ன ஆயினர் என்னும் வினாவுக்கு அப்பள்ளி தேடிய விடைகளே அச்செய்தி. அவ்விடைகளுள் சில வென்றன, சில தவறின. இரண்டும் அறியத்தக்கவை.

ஓர் ஆணை பிறந்தது

1868ஆம் ஆண்டில் ஜப்பானில் படைத்தலைவர் ஆட்சி ஒழிந்து, மெய்ஜிப் பேரரசரின் பெயரால் புதிய அரசு அமைந்தது. அதற்கு முன்னரும் அந்நாட்டில் கல்வி இல்லாமல் இல்லை. போர்வீரர் குடியிற் பிறந்த பிள்ளைகளுக்குச் சிற்றரசுகள் நடத்திய பள்ளிகள் இருந்தன. வணிகர், கைவினைஞர், உழவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் ‘தெராக்கோயா’ என்னும் சிறு பள்ளிகள் இருந்தன. அவை நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளைப் போன்றவை. ஓர் ஆசிரியர், அவர் வீட்டுக் கூடம் அல்லது கோயில் மண்டபம், பல வயதினராய்ச் சூழ்ந்திருக்கும் மாணவர், ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பாடம் என்பதே அவற்றின் முறை. எழுத்தும் வாசிப்பும் கணக்கும் அங்கே கற்பிக்கப்பட்டன.

1871ஆம் ஆண்டில் சிற்றரசுகள் நீக்கப்பட்டு மாநிலங்கள் அமைக்கப்பட்டன. அதே ஆண்டில் கல்வி அமைச்சும் தோன்றியது. அடுத்த ஆண்டாகிய 1872இல் ‘கக்குசெய்’ என்னும் கல்வி ஆணை வெளியாயிற்று. நாட்டை 8 பெரும் பகுதிகளாகவும், பெரும்பகுதி ஒவ்வொன்றையும் 32 நடுப்பகுதிகளாகவும், நடுப்பகுதி ஒவ்வொன்றையும் 210 சிறு பகுதிகளாகவும் பிரித்து, சிறு பகுதிக்கு ஒரு தொடக்கப்பள்ளி என வகுத்தது அவ்வாணை. இதன்படி நாடு முழுவதும் 53,760 தொடக்கப்பள்ளிகள் எழவேண்டும். எந்த ஊரிலும் கல்லாத குடும்பம் இருத்தலாகாது, எந்தக் குடும்பத்திலும் கல்லாத ஒருவர் இருத்தலாகாது என்பது அவ்வாணையின் முன்னுரை காட்டிய குறிக்கோள். உயர்குடி, தாழ்குடி, ஆண், பெண் என்னும் வேற்றுமை அதில் இல்லை.

குறிக்கோள் உயர்ந்தது, அதற்கு வேண்டிய பணமோ அரசிடம் இல்லை. கல்வி என்பது ஒருவன் தன் வாழ்வை உயர்த்திக்கொள்ள இடும் முதல் என்றும், ஆதலால் அதன் செலவை மக்களே ஏற்கவேண்டும் என்றும் அரசு கூறிற்று. தொடக்கப்பள்ளிக்கு மாதக் கட்டணம் 50 சென் அல்லது 25 சென் என ஆணை குறித்தது. அக்கால உழவர்க்கு அது பெருந்தொகை. வயலில் உதவும் கைகளையும் இழந்து, கட்டணமும் செலுத்துவது எவ்வாறு என்று மக்கள் கலங்கினர். 1873ஆம் ஆண்டில் கட்டாயப் படைச் சேவையையும் பிற புதுமைகளையும் எதிர்த்து மேற்கு ஜப்பானில் எழுந்த கலகங்களில் பள்ளிகளும் தீக்கிரையாயின. அவ்வாண்டு நாடு முழுவதும் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 28 பேரே பள்ளியில் இருந்தனர். ஆண்பிள்ளைகளுள் நூற்றுக்கு 40 பேர். பெண்பிள்ளைகளுள் நூற்றுக்கு 15 பேர்.

ஊர் ஊராகச் சென்ற ஆட்சியர்

மட்சுமோட்டோ அக்காலத்தில் சிக்குமா என்னும் மாநிலத்தின் தலைநகரமாக இருந்தது. அம்மாநிலத்தின் ஆட்சியர் நாகயாமா மோரித்தெரு. தென்கோடியிலுள்ள சத்சுமா நாட்டிலிருந்து வந்தவர் அவர். மலைநாட்டை உயர்த்தும் வழி கல்வி ஒன்றே எனத் துணிந்தார். ஆணையை எழுதி அனுப்பிவிட்டு அலுவலகத்தில் அமர்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1874ஆம் ஆண்டில் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கடந்து ஊர் ஊராகச் சென்றார். பள்ளிகளில் புகுந்து பிள்ளைகளின் கல்வியைச் சோதித்தார். பெற்றோரைக் கூட்டிக் கல்வியின் பயனை எடுத்துரைத்தார். மக்கள் அவரைக் ‘கல்வி ஆட்சியர்’ என்று அழைக்கலாயினர். பிற இடங்களில் பள்ளிகள் எரிந்த அக்காலத்திலேயே, சிக்குமா மாநிலம் பள்ளிச் சேர்க்கையில் நாட்டின் முன்னணியில் நின்றது.

கைச்சிப் பள்ளி 1873ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்குக் கிடைத்த முதல் இடம் ஸென்கியூயின் என்னும் பௌத்தக் கோயில். பழைய சிற்றரசர் குடும்பத்திற்கு உரியதாயிருந்த அக்கோயில், மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில் வீசிய பௌத்த எதிர்ப்புப் புயலில் மூடப்பட்டு வெறுமையாகக் கிடந்தது. அம்மண்டபங்களிலேயே பள்ளி நடந்தது. ‘கைச்சி’ என்றால் அறிவைத் திறத்தல் என்பது பொருள். கல்வி ஆணையின் முன்னுரையில் வரும் சொற்களினின்றும் அப்பெயர் எடுக்கப்பட்டது.

நாகயாமா 1875ஆம் ஆண்டின் இறுதியில் நீகாத்தா மாநிலத்திற்கு மாற்றப்பட்டார். தாம் ஊக்கிய புதிய கட்டடம் முடிவுற்றதைப் பதவியிலிருந்து காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. கட்டடம் எழுந்த 1876ஆம் ஆண்டிலேயே சிக்குமா மாநிலமும் கலைக்கப்பட்டு, அதன் பெரும்பகுதி நாகானோவோடு சேர்ந்தது. மாநிலம் மறைந்தது, பள்ளி நிலைத்தது.

தச்சர் கண்ட மேலைநாடு

புதிய கட்டடத்தை எழுப்பும் பொறுப்பு தத்தேஇஷி செய்ஜூ என்னும் தலைமைத் தச்சரிடம் தரப்பட்டது. அவர் மட்சுமோட்டோவிற் பிறந்து, பரம்பரை முறையில் தொழில் கற்றவர். மேலைநாட்டுக் கட்டடக் கலையை எவரிடமும் பயின்றவரல்லர். ஆனால் கண்ணால் கண்டதைக் கையால் செய்யவல்ல தொழிலாளி. தோக்கியோவுக்கும் யோக்கோஹாமாவுக்கும் சென்று, அங்கு எழுந்திருந்த புதிய மேலைமுறைக் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தார். கோபுரங்களையும் சாளரங்களையும் தூண்களையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார். ஊர் திரும்பித் தாம் அறிந்த மரவேலையாலும் சாந்து வேலையாலும் அவற்றை உருவாக்கினார்.

மேலைநாட்டில் கல்லால் அமையும் மூலைக்கட்டுகளை அவர் சாந்தால் செய்து, கல்போலத் தோன்றுமாறு நிறந்தீட்டினார். கூரையின் நடுவே எண்கோணக் கோபுரம் எழுந்தது. அதன் உச்சியில் நின்ற காற்றுத்திசை காட்டியில் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்பன சீன எழுத்துகளால் குறிக்கப்பட்டன. முன்வாயிலின் மேலே கடவுள்நாகம் ஒன்று செதுக்கப்பட்டது. அதற்கு மேலே மேகங்கள். மேகங்களுக்கு மேலே சிறகு முளைத்த இரு குழந்தைகள் ‘கைச்சிப் பள்ளி’ என்னும் பெயர்ப்பலகையைத் தாங்கி நிற்கின்றன. நாகமும் மேகமும் கோயில் தச்சரின் மரபு. சிறகுக் குழந்தைகளோ ஐரோப்பிய ஓவியத்திற்கு உரியவை. ‘தோக்கியோ நிச்சிநிச்சி’ என்னும் செய்தித்தாளின் பெயரால் வெளிவந்த வண்ணப்படத் தாள்களின் தலைப்பில் அத்தகைய குழந்தைகள் இருந்தன. அத்தலைப்பே தச்சரின் கைக்கு மாதிரியாயிற்று என ஆய்வாளர் கூறுவர்.

இவ்வாறு ஜப்பானியத் தச்சர்கள் மேலைமுறையைத் தம் போக்கில் ஆக்கிய கட்டடங்கள் அக்காலத்தில் பல எழுந்தன. அதே நாகானோவில் 1875ஆம் ஆண்டில் அமைந்த நகாகோமிப் பள்ளியும் அவ்வகையினதே. அவற்றுள் கைச்சிப் பள்ளி தலைசிறந்தது. விலை மிகுந்த கண்ணாடியைச் சாளரங்களில் நிறையப் பதித்தமையால் மக்கள் அதனைக் ‘கண்ணாடிப் பள்ளி’ என்றும் அழைத்தனர்.

கட்டடத்திற்கு ஆன செலவு ஏறத்தாழ 11,000 யென். அதில் பத்தில் ஏழு பங்கு நகர மக்கள் தந்த பணம். எஞ்சியது பிற நன்கொடைகளாலும், பழைய கட்டடங்களின் மரங்களை எடுத்து ஆண்டதாலும் ஈடுசெய்யப்பட்டது. கோயிலின் மரமும் கதவும் பள்ளியின் மரமும் கதவும் ஆயின. தம் பணம் கலந்த கட்டடம் ஆதலால் மக்கள் அதனை அரசுக்கு உரியதாக எண்ணவில்லை. தமக்கு உரியதாகவே எண்ணினர். 1880ஆம் ஆண்டில் நாட்டுப் பயணம் மேற்கொண்ட மெய்ஜிப் பேரரசரும் இப்பள்ளிக்கு வந்தார். அவர் அமர்ந்த அறை இன்றும் காக்கப்படுகிறது.

ஒரு கூரையின் கீழ்ப் பல கல்வி

புதிய பள்ளியில் கற்பித்தல் முறையும் புதியது. 1872ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப்பள்ளி தோன்றியபோது, மேரியன் ஸ்காட் என்னும் அமெரிக்கர் அங்கு ஆசிரியராக அமர்ந்து, வகுப்பு முழுவதற்கும் ஒருங்கே பாடஞ்சொல்லும் முறையைக் கற்பித்தார். கரும்பலகை, சுவரில் தொங்கும் படங்கள், மாணவர் கையில் கற்பலகை என்பன அம்முறையோடு பரவின. தெராக்கோயாவில் ஆசிரியரைச் சூழ்ந்து அமர்ந்த பிள்ளைகள் இப்போது வரிசையாக அவரை நோக்கி அமர்ந்தனர். சிக்குமா மாநிலத்து ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையமும் கைச்சிப் பள்ளியோடு இணைந்தே நடந்தது.

தொடக்கப்பள்ளி என்னும் பெயருக்குள் அடங்காத பணிகளும் அங்கே வளர்ந்தன. 1876ஆம் ஆண்டில் நடுநிலைப்பள்ளி ஒன்று அதே இடத்தில் தொடங்கிற்று. பின்னாளில் அது புகழ்மிக்க உயர்நிலைப்பள்ளியாயிற்று. 1891ஆம் ஆண்டில் பள்ளியில் அமைந்த நூலகமே பிற்கால நகர நூலகத்தின் முன்னோடி. 1906ஆம் ஆண்டில் அப்பள்ளியில் தொடங்கிய கண்காட்சி நிலையம் நகர அருங்காட்சியகமாக மலர்ந்தது. ஒரு தொடக்கப்பள்ளியின் மடியிலிருந்து ஒரு நகரத்தின் கல்வி நிலையங்கள் பல நடந்து வெளியேறின எனலாம்.

ஆயினும் இவையெல்லாம் கற்கும் வாய்ப்புடைய பிள்ளைகளுக்கு உதவிய பணிகள். வகுப்பின் கடைசி வரிசையில் தங்கிவிட்ட பிள்ளையும், வகுப்பிற்கே வராத பிள்ளையும் இன்னும் எஞ்சியிருந்தனர்.

தோற்றவர் வகுப்பு

புதிய கல்விமுறையில் தேர்வு மிகக் கடுமையானது. கீழ்த்தொடக்கப்பள்ளியின் நான்கு ஆண்டுகள் எட்டுப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அரையாண்டுக்கு ஒரு படி. எட்டாம் படியில் தொடங்கி முதற்படியில் முடிப்பது வழக்கம். ஒவ்வொரு படிக்கும் தேர்வு உண்டு. வென்றவன் மேலேறுவான், தோற்றவன் அங்கேயே நிற்பான். தெராக்கோயாவில் ஒரு பிள்ளை மெல்லக் கற்றால் அவனுக்கு மெல்லக் கற்பிக்கப்பட்டது. அங்கே தோல்வி என்னும் சொல்லுக்கு வேலையில்லை. வகுப்பாகக் கற்பிக்கும் முறை வந்த பின்னரே, வகுப்போடு ஓட இயலாத பிள்ளை என்னும் ஒரு பிரிவு தோன்றியது. புதிய முறை பலரை உயர்த்தியது; அதே முறை சிலரைத் தோற்றவராகவும் ஆக்கியது.

1890ஆம் ஆண்டில், அப்போது மட்சுமோட்டோ சாதாரணத் தொடக்கப்பள்ளி எனப்பட்ட இப்பள்ளி ஒரு புதிய முயற்சியில் இறங்கியது. மாணவரை அவரவர் தேர்ச்சிக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, தேர்வில் தோற்றுத் தங்கியவர்களைத் தனி வகுப்பில் அமர்த்தியது. விரைந்து கற்பவரோடு போட்டியிட வேண்டாமல், தமக்கு ஏற்ற நடையில் அவர்கள் கற்கட்டும் என்பது கருத்து. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கென ஜப்பானியப் பள்ளி ஒன்று தனி வகுப்பு வைத்தது அதுவே முதன்முறை என்று அந்நாட்டுக் கல்வி வரலாற்றாசிரியர் குறிப்பர். ஜப்பானின் சிறப்புக் கல்வி வரலாறு அவ்வறையில் தொடங்குகிறது.

ஆனால் அவ்வகுப்பிற்கு இடப்பட்ட பெயர் ‘தோற்றவர் வகுப்பு’. அறைக்குள் நுழையும்போதே பிள்ளையின் நெற்றியில் ஒட்டப்பட்ட பெயர் அது. நான்கு ஆண்டுகள் நடந்து, 1894ஆம் ஆண்டில் அவ்வகுப்பு கைவிடப்பட்டது. மெல்லக் கற்கும் பிள்ளைக்குக் கற்பிக்கும் தனிக்கலை அந்நாளில் எங்கும் வளர்ந்திருக்கவில்லை. அதே பாடத்தையே மெதுவாகச் சொல்வது ஒன்றே அறிந்த வழி. அதற்குரிய பாடநூலும் இல்லை, பயிற்சியும் இல்லை. நல்ல நோக்கம் மட்டும் ஒரு வகுப்பை நடத்தப் போதாது என்பதை அந்நான்கு ஆண்டுகள் காட்டின.

ஆயினும் விதை வீண்போகவில்லை. 1896ஆம் ஆண்டில் அதே மாநிலத்தின் தலைநகராகிய நாகானோவில் உள்ள தொடக்கப்பள்ளி இத்தகைய வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. அப்பள்ளியினர் அதற்கு இட்ட பெயர் ‘பின்பழுப்போர் வகுப்பு’. ஒரே மரத்தில் சில கனிகள் முன்னே பழுக்கும், சில பின்னே பழுக்கும். பின்னே பழுப்பது பழுக்காதது ஆகாது. தோற்றவர் என்னும் சொல் பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறது. பின்பழுப்போர் என்னும் சொல் அக்கதையைத் தொடர்ந்து நடத்துகிறது. மட்சுமோட்டோவுக்கும் நாகானோவுக்கும் இடையே, 1890க்கும் 1896க்கும் இடையே, ஆசிரியர் உலகம் கற்ற பாடம் இவ்விரு சொற்களின் வேற்றுமையில் அடங்கியிருக்கிறது.

அரசும் காலந்தாழ்த்தேனும் அதே திசையில் நடந்தது. 1900ஆம் ஆண்டின் தொடக்கப்பள்ளி ஆணை, வகுப்பேற்றத்திற்குரிய தேர்வை நீக்கி, ஆண்டு முழுவதும் மாணவன் கற்ற நிலையை நோக்கியே அவனை மேலேற்றவேண்டும் என்று விதித்தது. தோற்றவரை உண்டாக்கிய தேர்வே அவ்வாறு விடைபெற்றது.

முதுகில் ஒரு குழந்தை

வராத பிள்ளையின் கதை வேறு. 1890ஆம் ஆண்டிலும் ஜப்பானில் பள்ளி வயதுப் பெண்பிள்ளைகளுள் நூற்றுக்கு 31 பேரே பள்ளியிற் சேர்ந்திருந்தனர். ஆண்பிள்ளைகளுள் நூற்றுக்கு 65 பேர். இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று குழந்தை பார்க்கும் வேலை. வறிய குடும்பத்துச் சிறுமி தன் தம்பி தங்கையரைச் சுமந்தாள். அல்லது பிறர் வீட்டில் வேலைக்கமர்ந்து அவ்வீட்டுக் குழந்தையைச் சுமந்தாள். நாகானோ பட்டுத்தொழில் மிகுந்த நாடு. பட்டுப்புழு வளரும் பருவத்தில் வீட்டுப் பெண்டிர் இரவும் பகலும் உழைப்பர். அப்போது கைக்குழந்தை சிறுமியின் முதுகில் துணியால் கட்டப்படும். பொழுது விடிந்து பொழுது சாயும்வரை அச்சுமை இறங்காது. குழந்தையோடு பள்ளிக்குச் சென்றால் அழுகையொலி வகுப்பைக் கெடுக்கும். குழந்தையை விட்டுச் சென்றால் வேலை போய்விடும்.

இவர்களுக்கென்றே தனிப்பள்ளி வைக்கும் எண்ணம் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் பரவிற்று. இபாராக்கி மாநிலத்தில் வத்தனாபே கஜூ என்னும் ஆசிரியர் 1883ஆம் ஆண்டில் இத்தகைய பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அம்முறையை விளக்கி நூலும் எழுதினார். நாகானோ மாநிலத்தில் இவ்வகுப்புகள் பெருகின. மட்சுமோட்டோப் பள்ளியும் பிள்ளை சுமக்கும் சிறுமியர்க்கு வகுப்பு நடத்தியது.

அவ்வகுப்பில் சிறுமி குழந்தையோடு வரலாம். குழந்தை அழுதால் எழுந்து நடக்கலாம். முழுநாள் பள்ளிக்கு உரிய பாடங்களைச் சுருக்கி, எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றோடு குழந்தை வளர்ப்பிற்கு உரிய தூய்மையும் நல்லொழுக்கமும் சேர்த்துக் கற்பிப்பது இவ்வகுப்புகளின் பொதுமுறை. சிறுமியின் வாழ்க்கை மாறும்வரை காத்திராமல், அவ்வாழ்க்கைக்கு ஏற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொண்டது.

கெய்ஷா என்னும் ஆடல் பாடல் தொழிலுக்குப் பழகிவந்த சிறுமியர்க்கும் பிற்காலத்தில் அந்நகரில் தனி வகுப்பு அமைந்தது. நல்ல குடும்பத்தார் எனப்படுவோர் முகம் திருப்பிக்கொண்ட தெருவின் பிள்ளைகளும் பிள்ளைகளே என்று கருதிய ஆசிரியர்கள் அங்கே இருந்தனர்.

இவ்வகுப்புகளில் குறைகாண்பது எளிது. சிறுமியின் முதுகிலிருந்து சுமையை இறக்காமல், சுமையோடு படி என்று சொல்வது நீதியா என்று கேட்கலாம். குறைந்த பாடம், குறைந்த நேரம், தனி அறை என்பன அவளை இரண்டாந்தர மாணவியாக ஆக்கவில்லையா என்றும் கேட்கலாம். கேட்கத்தக்க வினாக்களே. பள்ளியால் வறுமையை நீக்க இயலாது. அது அரசும் சமுதாயமும் செய்யவேண்டிய பணி. ஆனால் வறுமை நீங்கும் நாள்வரை அச்சிறுமி எழுத்தறியாமல் காத்திருத்தல் வேண்டுமா என்பது எதிர்வினா. காத்திருந்தால் அவளுடைய இளமை திரும்பி வாராது. கிடைத்த ஒரு மணி நேரத்தில் அவள் தன் பெயரை எழுதக் கற்றாள் என்றால், அந்த ஒரு மணி நேரம் சிறியதன்று.

1900ஆம் ஆண்டின் ஆணை சாதாரணத் தொடக்கப்பள்ளியில் கட்டணம் வாங்கலாகாது என்பதையும் பொதுவிதியாக ஆக்கியது. அதன்பின் சேர்க்கை விரைந்து உயர்ந்தது. 1902ஆம் ஆண்டில் நூற்றுக்கு 90ஐத் தாண்டியது. 1907ஆம் ஆண்டில் கட்டாயக் கல்வி நான்கு ஆண்டிலிருந்து ஆறு ஆண்டாக நீண்டது. 1872ஆம் ஆண்டின் ஆணை கண்ட கனவு நனவாவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. அந்த 30 ஆண்டுகளில் ஆணைகளுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே இருந்த தொலைவைத் தம் உழைப்பால் குறைத்தவர்கள் பெயரறியா ஆசிரியர்களே.

ஆற்றங்கரையிலிருந்து கோட்டை அருகே

கைச்சிப் பள்ளி மெத்தொபா ஆற்றின் கரையில் அமைந்திருந்தது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் அக்கட்டடத்தில் வகுப்புகள் நடந்தன. பேரரசர்கள் மாறினர், போர்கள் வந்துபோயின, 1947ஆம் ஆண்டில் கல்விமுறையே புதிதாக்கப்பட்டது. பாட்டன் படித்த அறையில் பேரனும் படித்தான். 1959ஆம் ஆண்டில் வந்த வெள்ளம் கட்டடத்தைத் தாக்கியது. 1961ஆம் ஆண்டில் அரசு அதனைச் சிறப்புக்குரிய பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. 1963ஆம் ஆண்டில் வகுப்புகள் முடிவுற்றன. கட்டடம் ஒவ்வொரு பலகையாகப் பிரிக்கப்பட்டு, கோட்டைக்கு வடக்கே இன்றுள்ள இடத்தில் மீண்டும் கட்டப்பெற்றது. பின்புறத்தில் நீண்டு கிடந்த வகுப்பறைப் பகுதிகள் நீங்க, கோபுரம் உள்ள முன்பகுதியே இப்போது எஞ்சியுள்ளது. 1965ஆம் ஆண்டில் அது கல்வி அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வலிமை பெறுவதற்காக 2021ஆம் ஆண்டில் மூடப்பட்டு, 2024ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் அருகிலேயே கைச்சி தொடக்கப்பள்ளி என்னும் பெயரோடு இன்றைய பள்ளி நடந்துவருகிறது.

அருங்காட்சியகத்தில் பழைய பாடநூல்கள், பள்ளிக் குறிப்பேடுகள், மேசைகள், சுவர்ப்படங்கள் முதலியவை பெருந்தொகையாகச் சேமிக்கப்பட்டுள்ளன. அன்றாட அலுவலை எழுதிவைத்த ஆசிரியர்களும், எழுதியதை எறியாமல் காத்தவர்களும் செய்த உதவி அது. தோற்றவர் வகுப்பைப் பற்றியும், பிள்ளை சுமந்த சிறுமியரைப் பற்றியும் இன்று பேச முடிவதற்கு அத்தகைய ஏடுகளே காரணம். வெற்றியை மட்டும் எழுதிவைத்திருந்தால் பின்வந்தோர்க்குப் பாதிப் பாடமே கிடைத்திருக்கும்.

பள்ளி தரும் பாடம்

கைச்சிப் பள்ளியின் வரலாற்றில் மூன்று வகைச் செல்வம் காணப்படுகிறது. மக்கள் தாமே பணந்தந்து பள்ளியை எழுப்பினர், அது பொருட்செல்வம். தச்சர் தாம் கண்ட புதுமையைத் தம் மரபோடு இணைத்தார், அது கலைச்செல்வம். ஆசிரியர்கள், முறை தள்ளிவிட்ட பிள்ளைகளைத் தேடிச்சென்று இடந்தர முயன்றனர், அது அருட்செல்வம். தேசியச் செல்வம் என்னும் பட்டம் முதல் இரண்டையும் கண்டு தரப்பட்டது. மூன்றாவதைக் காண ஆசிரியரின் கண் வேண்டும்.

தோற்றவர் வகுப்பை நினைக்கும்போது ஓர் எச்சரிக்கையும் எழுகிறது. பிள்ளையின் நன்மைக்கெனச் செய்யப்படும் பிரிவினையும் பிள்ளையைப் புண்படுத்தக்கூடும். எந்த வகுப்பில் அமர்த்துகிறோம் என்பதற்கு இணையாக, எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதும் கல்வியே. ஆசிரியர் வாயிலிருந்து வரும் ஒரு சொல், பாடநூலின் நூறு பக்கங்களை விட நெடுங்காலம் பிள்ளையின் உள்ளத்தில் தங்குகிறது.

அறிவைத் திறத்தல் என்பது அப்பள்ளியின் பெயர். முன்வாயிலில் சிறகுக் குழந்தைகள் அப்பெயரை உயர்த்திப் பிடித்திருக்கின்றன. அவற்றின் கீழே, முதுகில் தம்பியைச் சுமந்த சிறுமியும், இருமுறை தேர்வில் தோற்ற சிறுவனும் ஒருகாலத்தில் பள்ளிக்குள் நுழைந்தனர். அவர்கள் நுழைந்த நாளிலேதான் அப்பெயர் தன் பொருளைப் பெற்றது.